முப்பத்தொன்றாம் உறுப்பினர்

முதலில் அந்த எண்ணைச் சொல்லிவிடுகிறேன். 7.8.

தலைக்கு, மாதத்துக்கு, ஏழு புள்ளி எட்டுப் புத்தகம். அதைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமல் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

எங்கள் மையத்தின் வேலை இதுதான். தமிழ்நாட்டுப் பொது நூலகங்களை ஊர் அளவுவாரியாக அடுக்கி, எந்த ஊர் எவ்வளவு படிக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சென்னையில் தலைக்கு 0.3. நடுத்தர ஊர்களில் 0.9. ஆயிரம் பேருக்குக் குறைவான ஊர்களில் 1.4. ஊர் சிறுத்தால் வாசிப்பு கூடும், அதெல்லாம் எங்களுக்குப் பழைய கதை. ஆனால் 7.8? தென்கோடியில், காற்றாலைகளுக்கு நடுவே, செம்பாறைவிளை என்று ஓர் ஊர். மக்கள்தொகை 43. மாநிலத்திலேயே முதலிடம்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. மூடப்படவிருக்கும் நூலகங்களின் பட்டியலிலும் அந்த ஊரின் பெயர் இருந்தது.

மேசையில் உட்கார்ந்து கடிதம் தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. நேராக மேலதிகாரி ஆராவமுதன் சாரிடம் ஓடினேன். அவர் தயிர்சாதத்துக்குள் ஊறுகாயைத் தேடிக்கொண்டிருந்தார்.

“சார், ஸ்டேட் ஃபர்ஸ்ட் சார் இந்த ஊரு! இதப் போய் ஏன் சார் மூடுறோம்?”

“சாப்பிட விடும்மா சஹானா. எந்த ஊரு?”

சொன்னேன்.

“ஸ்டேட் ஃபர்ஸ்ட்டுன்னு நீதான் லிஸ்ட் போடுற. ரூல்ல அப்டி ஒரு லிஸ்டே கிடையாது. நாப்பத்து மூணு பேர் ஊரையும் மெட்ராஸையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சா அது ஒப்பீடா? மெட்ராஸ்ல ஒருத்தன் நாலு புக்கு கூட எடுத்தா முள்ளு கூட அசையாது. அங்க ஒருத்தன் நாலு புக்கு எடுத்தா கோடு கூரைய முட்டும்.”

“அதே சைஸ் ஊரோடதான் ஒப்பிடணும். தெரியும் சார்.”

“அம்பதாயிரம் பேர் ஊருன்னா அதே மாதிரி நூறு ஊரு கிடைக்கும். நாப்பத்து மூணு பேருக்கு ஜோடி எங்க போய்த் தேடுவ? அதுக்குத்தானே இணையூர்.”

இணையூரைப் பற்றிப் பயிற்சியில் ஒரு வகுப்பு நடத்தினார்கள். நான் அன்றைக்கு விடுப்பு. சார் விரலை நக்கிவிட்டுச் சொன்னார்.

“ஜோடி கிடைக்காத சின்ன ஊருக்கு, சிஸ்டமே உள்ள ஒரு ஊரக் கட்டிக்கும். கடைசி கணக்கெடுப்புல இருந்த அதே ஆளுங்க. அதே நாப்பத்து மூணு பேரு. அவங்க அதுவரைக்கும் என்னென்ன புக்கு எடுத்தாங்களோ அத வச்சு, அதுக்கப்புறம் தெனமும் என்ன எடுப்பாங்கன்னு கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். வருஷம் போனா அவங்களுக்கும் வயசு ஏறும், ரசனை மாறும். நிஜ ஊரு அந்த ஊரவிடக் கம்மியாப் படிச்சா, நூலகத்துல ஏதோ சரியில்லன்னு அர்த்தம். தொடர்ந்து மூணு காலாண்டு கம்மின்னா மூடிடலாம்.”

“இணையூர்ல 8.1 சார். நிஜத்துல 7.8. ரெண்டு காலாண்டு போயிடுச்சு. இது மூணாவது. மார்ச்சோட முடியுது.”

“பாவம், என்ன பண்றது.”

“ஆனா சார், நிஜத்துல எடுத்த அத்தனை புக்கும் ஒரே கார்டுல போயிருக்கு. எட்டாம் நம்பர். தெனமும் பதினோரு புக்கு.”

ஊறுகாய் பாதி வழியில் நின்றது.

“மிச்ச நாப்பத்திரண்டு பேரு?”

“தெரியல சார்.”

“போய்ப் பாத்துட்டு வா.”

*

பேருந்து என்னை இறக்கிவிட்ட இடத்தில் காற்று மட்டும் இருந்தது. துப்பட்டாவைப் பிடிப்பதா பையைப் பிடிப்பதா என்று திணறிக்கொண்டே செம்மண் பாதையில் நடந்தேன். கண்ணுக்கு எட்டியவரை வெள்ளைக் கோபுரங்கள். ஒவ்வொன்றின் மேலும் மூன்று இறக்கைகள் சுற்றின. கோபுரங்களின் மீது ஏதோ ஊர்ந்தது. பழுது பார்க்கும் இயந்திரங்கள். நாலு கால், வால் போல ஒரு கம்பி.

குடியிருப்பில் இருபது வீடுகள். எல்லா வீட்டிலும் மின்சாரம் ஓடும் உறுமல் கேட்டது, ஒரு வீட்டிலும் ஆள் பேசும் சத்தம் இல்லை. ஒரு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கட்டில் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நாலு இயந்திரங்கள் வரிசையாகச் சுவரில் செருகிக்கொண்டு படுத்திருந்தன.

“அதுகளுக்குப் பல்லின்னு பேரு.”

திரும்பினேன். நூலகம் என்று பலகை மாட்டிய அறையின் வாசலில் ஒரு பெண்மணி. நாற்பத்தெட்டு வயது என்று அட்டை விவரத்தில் பார்த்திருந்தேன். நெட்டையான ஆள், முன்கையில் பழைய கிரீஸ் தீக்காயம், மூக்கில் கண்ணாடி, கைக்கொரு புத்தகம்.

“எல்லாரும் போன பெறவு சும்மா கெடக்க வீடுதானன்னு கம்பெனிக்காரன் இதுகள உள்ள விட்டுட்டான். வாங்க. கணக்கெடுக்கத்தான வந்திய? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.”

அவர்தான் எட்டாம் எண். பெயர் தங்கபுஷ்பம். முன்பு எண்பது மீட்டர் உயரத்தில் ஏறிப் பல்சக்கரப் பெட்டிக்கு கிரீஸ் அடித்தவர். பல்லிகள் வந்ததும் எல்லோருக்கும் வேலை போனது. அவசரத்துக்கு மொத்தத்தையும் நிறுத்தும் சிவப்புப் பொத்தான் அருகே சட்டப்படி ஒரு மனிதர் இருக்க வேண்டுமாம். அந்த ஒரு மனிதர் இவர்.

“எட்டு வருசத்துல ஒரு தடவ கூட அமுக்கல. பொத்தான் வேலை செய்யுமான்னே தெரியாது” என்று சிரித்தார்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு மின்சாரம் ஓடுவதால் வீட்டுக்கு வீடு ஆள் இருப்பதாக எங்கள் சிஸ்டம் நம்பிக்கொண்டிருக்கிறது. பல்லிகள் தின்னும் மின்சாரத்தை மனிதர்களின் கணக்கில் எழுதிவிட்டது. ஒன்பது வருடமாக 43, 43, 43.

உள்ளே நுழைந்ததும் அவர் மேசையில் உட்கார்ந்து இரண்டு புத்தகத்தையும் விரித்து வைத்தார். இடது கையால் ஒன்றைத் திருப்பினார். வலது கையால் மற்றதை. கண் இரண்டுக்கும் நடுவே ஓடியது.

“என்னக்கா பண்றீங்க?”

“படிக்கேன். பாத்தாத் தெரியலயா? நாப்பது பக்கம் திருப்பினாத்தான் ஒரு புத்தகம் கணக்குல வரும். பதினோரு புத்தகம். மொதல்ல ஒண்ணொண்ணாத்தான் படிச்சேன். இப்பக் கண்ணு முன்ன மாதிரி இல்ல, அதான் ரெட்டை மாடு பூட்டிட்டேன். இது சமையல், இது ரஷ்யாவுல ஒரு குடும்பம். ரெண்டும் ஒண்ணாக் கலந்து போச்சு. காலையில ஒரு இளவரசி ரசத்துக்குத் தாளிச்சுக்கிட்டு இருந்தா.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. அவரும் சிரித்தார். பேச ஆள் கிடைத்தால் சிரிப்பு எவ்வளவு சத்தமாக வரும் என்பதை அவரே மறந்திருப்பார் போல. தன் சத்தத்துக்குத் தானே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

“அக்கா, எதுக்கு இவ்ளோ கஷ்டம்? மூடுனா மூடட்டுமே.”

அவர் பக்கம் திருப்புவதை நிறுத்தவில்லை. முகவாயால் சுவரைக் காட்டினார்.

எல்லாச் சிறிய நூலகங்களிலும் அந்தத் திரை இருக்கும். ஒப்பீடு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது விதி. இடது பக்கம் நிஜ ஊரில் அன்று எடுத்த புத்தகங்கள். வலது பக்கம் இணையூரில் எடுத்தவை. பெயர் இருக்காது, உறுப்பினர் எண் மட்டும். இடது பக்கம் முழுக்க 8, 8, 8, 8. வலது பக்கம் 3, 17, 22, 40, 31, 12...

“முப்பத்தொண்ணு என்ன எடுத்திருக்கா, வாசிங்க.”

“கனிம வேதியியல், ரெண்டாம் பாகம்.”

“மொதப் பாகத்த நாலு நாள்ல முடிச்சிட்டா.” அவர் குரலில் பெருமை. “எம் பொண்ணு.”

*

மகளின் பெயர் நறுமுகை. ஒன்பது வருடம் முன்பு அவளுக்குப் பதினாலு வயது. கணக்கெடுப்புக்காரர்கள் வந்துபோன அடுத்த மாதம் தாய்க்கும் மகளுக்கும் சண்டை. காற்றாலைப் பயிற்சி வகுப்பில் சேர் என்கிறார் இவர். அவள் எந்நேரமும் நூலகத்தில். ஒருநாள் இவரே வந்து, பெற்றோர் ஒப்புதலோடு, மகளின் அட்டையை ரத்து செய்துவிட்டார்.

“ஒரு பொத்தான்தான். ‘உறுதியா?’ன்னு கேட்டுச்சு. ஆமான்னேன்.”

மகள் அன்றைக்கு அழவில்லையாம். அதற்குப் பிறகு வீட்டில் தேவையில்லாமல் ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். பதினெட்டு முடிந்த அன்று கிளம்பிவிட்டாள். இப்போது கடலுக்கடியில் கேபிள் போடும் கப்பலில் வேலை. கடைசியாகப் பேசி மூன்று வருடம் ஆகிறது.

“நம்பர் இருக்கு. அடிக்கும். எடுக்க மாட்டா.” பக்கத்தைத் திருப்பினார். “எல்லாரும் போய், அவளும் போன பெறவு ஒருநா சும்மா இங்கன வந்து உக்காந்தேன். அதுவரைக்கும் நா இந்த அறைக்குள்ள கால் வச்சது கார்டக் கேன்சல் பண்ண மட்டுந்தான். பாத்தா, வலது பக்கத்துல முப்பத்தொண்ணு ஓடுது. அவ நம்பர். அங்க அவ கார்டு உசிரோட இருக்கு. கணக்கெடுப்பு அதுக்கு ஒரு மாசம் முன்னாலல்லா? அங்கன நா அந்தப் பொத்தான அமுக்கவே இல்ல.”

நான் திரையைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“அக்கா, அது நெஜமில்ல. கணக்கு. அவ அப்ப எடுத்த புக்க வச்சு...”

“தெரியும் பிள்ளே. நா கிரீஸ் அடிச்சவதான், கிறுக்கி இல்ல. இதே கணக்கு என்னையும் வச்சிருக்கு, பாத்தியளா? அங்கயும் எட்டாம் நம்பர் நாந்தான். ஒம்பது வருசமா ஒரு மண்ணும் எடுக்கல அவ. வாழ்க்கையில மொத தடவையா என்னையச் சரியாச் சொன்னது இந்தப் பெட்டிதான்.”

இரண்டு கையாலும் பக்கத்தைத் திருப்பினார். பிறகு சொன்னார்.

“பழைய பட்டியலையும் தள்ளித் தள்ளிப் பாத்தேன். பதினஞ்சு வயசுல ஓவியம். பதினேழுல பழைய கோயிலு. பத்தொம்பதுல ஒரே காதல் கதை, நா பயந்தே போனேன். இப்ப வேதியியல். அவ எடுக்கதையும் கூட எடுத்துப் பாப்பேன், பாதி புரியாது. நூலகத்த மூடினா இந்தத் திரையும் போயிரும்லா?”

“போயிடும்.”

“அதான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். நாப்பத்து மூணு பேருக்கு ஒருத்தி. போன காலாண்டுல கண்ணுல ஆபரேசன், பத்து நாள் போச்சு. இல்லன்னா எட்டியிருப்பேன்.”

“அக்கா, இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான். 43-ங்கறதே தப்பு. அத நான் திருத்திட்டா நீங்க மாசத்துக்கு முந்நூத்தி முப்பது புக்கு படிக்க வேண்டாம். ஒரே ஆளோட ஒரே ஆள ஒப்பிடுவாங்க. நூலகம் தப்பிச்சிடும்!”

அவர் இரண்டு கையையும் நிறுத்தினார்.

“திருத்தினா அந்தப் பக்கம் எத்தன பேரு இருப்பாவ?”

“அந்தப் பக்கமும் ஒருத்தர்தான்.”

“வேண்டாம். யார்ட்டயும் சொல்லாதிய. நா எட்டிருவேன்.”

நான் தலையை ஆட்டினேன். சரி என்பதற்கும் பார்க்கலாம் என்பதற்கும் பொதுவாக ஓர் ஆட்டு ஆட்டினேன்.

*

அவர் எட்ட மாட்டார். பேருந்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மார்ச் முடிய பதினெட்டு நாள். இருக்கும் பற்றாக்குறைக்கு இனி நாளுக்குப் பதினாலு புத்தகம் வேண்டும். பதினொன்றுக்கே அவருக்குக் கண் போதவில்லை. நடக்காது. நூலகம் மூடும், திரை அணையும், முப்பத்தொன்றும் போய்விடும். திருத்தினால் நூலகமாவது மிஞ்சும். அதோடு எனக்கு இன்னொரு நினைப்பும் இருந்தது. நாற்பத்து மூன்று பேரில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள் என்றால் சிஸ்டம் யாரை வைத்துக்கொள்ளும்? அதிகம் படிக்கிறவரைத்தானே? முப்பத்தொன்றைவிட அங்கே அதிகம் படிக்கிறவர் யார்?

விதிப்புத்தகத்தைத் திறந்து பார்த்திருக்கலாம். முன்னூறு பக்கம். நான் திறக்கவில்லை. தப்பான எண் ஒன்று கண்ணில் பட்டால் என் கை நிற்காது. நாகர்கோவில் வருவதற்குள் 43-ஐ 1 ஆக்கிவிட்டேன். ‘உறுதியா?’ என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை திரையைத் திறந்தேன். இணையூர், மக்கள்தொகை 1. உறுப்பினர் 8.

ஆராவமுதன் சாரிடம் ஓடினேன்.

“ஏம்மா, இருக்கறவங்களுக்கு வயசும் ஆணா பெண்ணான்னும் யாரு கிட்டத்துல பொருந்துறாங்களோ அவங்களத்தானே வச்சுக்கும்? அதுதானே ஒப்பீடு? நாப்பத்தெட்டு வயசு பொம்பளைக்கு நாப்பத்தெட்டு வயசு பொம்பள. இங்க அவங்களே கிடைச்சுட்டாங்க. இதவிடப் பொருத்தமான ஜோடி உண்டா?”

“மறுபடி 43 ஆக்கிடலாமா சார்?”

“தப்ப சரியாக்க ஒரு பட்டன் இருக்கு. சரிய தப்பாக்க எவனாவது பட்டன் வைப்பானா? அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் பூட்டு. இல்ல, நெஜமாவே அங்க யாராவது குடி போகணும்.”

இணையூரில் எட்டாம் எண் அன்று ஒரு புத்தகமும் எடுக்கவில்லை. அவர்தான் எப்போதும் எடுப்பதில்லையே. நிஜத்தில் முதல் நாள் பதினோரு புத்தகம். இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாள் இல்லை.

ஏப்ரல் பிறந்ததும் காலாண்டு அறிக்கை வந்தது. திருத்திய நாளிலிருந்து புதுக் கணக்கு. முதல் நாளின் பதினொன்றைப் ‘பொருந்தா மிகை’ என்று சிஸ்டமே தள்ளிவிட்டிருந்தது. செம்பாறைவிளை 0.0. இணையூர் 0.0. நிலை: நிகர். கவனம் தேவையில்லை.

இதை விடப் பொருந்திய நூலகம் மாநிலத்திலேயே இல்லை. இனி யாரும் அதை மூட மாட்டார்கள். யாரும் அங்கே வரவும் மாட்டார்கள். எந்த எச்சரிக்கையும் எந்தக் காலத்திலும் அடிக்காது. அந்த வரியைச் சரியாக்கியது நான்.

செய்யக்கூடாத ஒன்றையும் செய்தேன். ரத்தான அட்டையின் வாசகர் எண்ணைப் பிடித்து நிஜ நறுமுகையின் முகவரியைத் தேடி எடுத்தேன். உங்கள் அம்மா இப்படி, தினமும் பதினோரு புத்தகம் படித்தார், உங்களுக்காக, என்று நீளமாக எழுதினேன். நான்கு நாள் கழித்து எங்கோ நடுக்கடலில் இருந்து பதில் வந்தது.

“எங்க அம்மா புக்கத் தொடக்கூட மாட்டாங்க. நீங்க வேற யாரையோ பாத்துட்டு வந்திருக்கீங்க.”

*

மே மாதம் மறுபடி போனேன். நூலகக் கதவில் மண் படிந்திருந்தது. வீட்டில் இருந்தார். சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, சும்மா, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி அணிந்திருக்கவில்லை.

“வாங்க. டீ போடட்டா?”

“அக்கா, நான்தான்...”

“தெரியும். ஒரே நாள்ல நாப்பத்திரண்டு பேரு காலி பண்ணிட்டுப் போனாவல்லா. மொதத் தடவ போனப்ப லாரி வந்துச்சு, சாமான் ஏத்தினாவ, ஒருத்தருக்கொருத்தர் அழுதாவ. இந்தத் தடவ அது கூட இல்ல.”

“நூலகம் தப்பிக்கணும்னுதான் பண்ணேன்.”

“தப்பிச்சிட்டுல்லா. நல்லா இருக்கட்டும்.”

திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் எழுந்து போய் டீ போட்டார். சர்க்கரை போதுமா என்று கேட்டார். ஜன்னலுக்கு வெளியே ஒரு பல்லி தரையில் ஊர்ந்து பக்கத்து வீட்டுக்குள் போனது. கதவு தானாகத் திறந்து தானாகச் சாத்திக்கொண்டது.

“புக்கு படிக்கப் போகலாம்லக்கா. நூலகம் தெறந்துதானே இருக்கு?”

“அங்க யாரு இருக்கா?”

சென்னைக்குத் திரும்பினேன். விடுதி அறையில் நாங்கள் நாலு பேர். நாலு பேருக்கும் காதில் நாலு கருவி. நான் மூன்று நாள் இல்லாமல் போனது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ஒருத்தி மட்டும், “உன் சார்ஜர் எடுத்துக்கிட்டேன், பரவால்லல்ல?” என்றாள்.

அன்றைக்குத்தான் முன்னூறு பக்க விதிப்புத்தகத்தைத் திறந்தேன். முழுக்கப் படித்தேன். குடிபெயர்வு, பிரிவு பதினாறு. ஓர் ஊரில் புதிதாக ஒருவர் தொடர்ந்து முப்பது நாள் வசித்தால் மக்கள்தொகை ஒன்று கூடும். கூடினால் இணையூரிலும் ஒருவர் கூடுவார், பழைய உறுப்பினர்களில் வயதும் பாலினமும் நெருங்கிப் பொருந்துகிறவர்.

எனக்கு இருபத்து மூன்று வயது. முப்பத்தொன்றுக்கும் இருபத்து மூன்று.

“பைத்தியமா உனக்கு?” என்றார் ஆராவமுதன் சார். “அங்க போய் என்ன பண்ணுவ?”

“இதே வேலையத்தான் சார். ஸ்க்ரீன் எங்க இருந்தா என்ன?”

“எத்தன நாளைக்கு?”

அதை நான் யோசித்திருக்கவில்லை.

*

பல்லிகள் இருந்த ஒரு வீட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். முப்பதாம் நாள் முடிந்து முப்பத்தோராம் நாள் காலையில் நூலகத்தைப் பெருக்கித் திறந்து வைத்தேன். பிறகு ஓடிப்போய் அவர் கதவைத் தட்டினேன்.

“அக்கா, வந்து பாருங்க!”

அதுவரை அந்தப் பக்கம் யார் வருவார்கள் என்று நான் சொல்லியிருக்கவில்லை. இன்னொரு தடவை தப்பாகிவிட்டால்? அவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியை எடுக்க வீட்டுக்கு ஓடினார். அந்த உயரமான உடம்பு ஓடி நான் பார்த்ததில்லை. திரும்பி வந்து மறுபடி பார்த்தார்.

இணையூர், மக்கள்தொகை 2. உறுப்பினர் 31: கனிம வேதியியல், மூன்றாம் பாகம்.

“விட்ட எடத்துலயே இருக்கா” என்றார் மெதுவாக. அவ்வளவுதான். நாற்காலியை இழுத்துத் திரைக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

இது நடந்து நாலு மாதம் ஆகிறது. தினமும் ஏழரைக்கு வருகிறார். வாசலில் என் மேசை இருக்கிறது. “சாப்பிட்டியா பிள்ளே” என்பார், பதிலுக்கு நிற்க மாட்டார். நேராகத் திரை. முப்பத்தொன்று என்ன எடுத்திருக்கிறாள் என்று பார்ப்பார், அலமாரியில் அதே புத்தகத்தைத் தேடி எடுப்பார், திரையைப் பார்த்தபடி உட்கார்ந்து படிப்பார். இப்போது ஒரு புத்தகம்தான், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. நடுவில் நான் ஏதாவது சொன்னால் கையை உயர்த்தி “இரி” என்பார். ஒருநாள் எனக்குக் காய்ச்சல், மேசை மேலேயே படுத்துக் கிடந்தேன். மத்தியானம் அவர் கிளம்பும்போதுதான் கவனித்தார். பதறிப்போய்க் கஞ்சி வைத்துக் கொண்டுவந்தார். ஊட்டிக்கொண்டே, “நீ முப்பது நாளு ஊர விட்டுப்போனாத்தான கணக்குலருந்து எடுப்பாங்க? ஒரு நா ஆசுபத்திரிக்குப் போனா ஒண்ணும் ஆவாதுல்லா?” என்று கேட்டார்.

எனக்கு இங்கே பேச வேறு யாரும் இல்லை. காற்று இருக்கிறது. பல்லிகளுக்கு நான் பெயர் வைக்க ஆரம்பித்தபோது, சரி, போதும் என்று பட்டது. நேற்றுக் காலை ஆராவமுதன் சாருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். சென்னைக்கே வந்துவிடுகிறேன், என் இருக்கை காலியாக இருக்கிறதா, என்று.

பாதி எழுதும்போது தங்கபுஷ்பம் அக்கா கூப்பிட்டார்.

“பிள்ளே, இங்க வா. இத வாசி.”

போனேன். முப்பத்தொன்று அன்று மூன்று புத்தகம் எடுத்திருந்தாள். கப்பல் பணித் தேர்வு வழிகாட்டி. போர்த்துகீசியம் முப்பது நாளில். உலகக் கடல்கள், வரைபடங்களுடன்.

“போன வாரமும் கடலுதான்” என்றார். “நா கவனிச்சுக்கிட்டுதான் இருக்கேன். இங்கன உள்ளவளும் போறதுக்கு முன்னால இதத்தான் படிச்சா, யார்ட்டயோ எரவல் வாங்கி, எனக்குத் தெரியாம. மெத்தைக்கு அடியில இருந்துச்சு.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அப்ப நா அந்தக் கார்ட ரத்து செய்யலன்னாலும் போயிருப்பாளோ?”

“இருக்கலாம்க்கா” என்றேன். “போயிருப்பா. உங்களால இல்ல.”

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். ஒன்பது வருடமாகத் தூக்கிச் சுமந்ததை அவர் இப்போது இறக்கி வைப்பார், அழுவார், நம்பரை அடித்துப் பார்ப்பார், திரையை விட்டு எழுந்து வெளியே வருவார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அப்படி நடந்தால் நானும் கிளம்பலாம்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வந்த நாளிலிருந்து இவ்வளவு நேரம் அவர் என்னைப் பார்த்தது கிடையாது. என் கையைப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் காய்ப்பு ஏறிய, சூடான கை.

“ஆனா இங்க ரெண்டு பேரு இருக்க வரைக்கும் அங்கயும் ரெண்டு பேரு இருந்தாவணும்லா?”

“ஆமா.”

“நீ இருக்க வரைக்கும் அவளால எங்கயும் போக முடியாதுல்லா?”

மேசையில் என் திரை பாதிக் கடிதத்தோடு ஒளிர்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்து அதை அவரால் வாசிக்க முடியாது. வாசிக்க முயலவும் இல்லை.

“முடியாதுக்கா” என்றேன்.

“அப்பச் சரி.” கையை விட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நாளைக்குச் சாளை மீன் வருதாம். உனக்குக் கொழம்பா, பொரிக்கவா?”

கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார்.